மனோஜுக்கு ஒரு குறையும் இல்லை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தோளில் ஒரு பையும் கையில் பச்சைக் கோப்புமாக ஹேமாவதி வாசலில் வந்து நின்றபோது, மனோஜ் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை. அவன் ஒழுங்காகத் தூங்கி இரண்டு மாதம் ஆகிறது. எழுந்திருக்கக் காரணம் ஒன்றும் தென்படாததால் படுத்திருந்தான், அவ்வளவுதான்.

வயது இருபத்து மூன்று. பொன்னேரியில் பி.காம். முடித்துவிட்டு, நைனா மூர்த்தியோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் சோறு மண்ணாகத் தெரிந்தது. மறுநாள் தூக்கம் போனது. அதற்கப்புறம் எல்லாமே கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டன. ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வீட்டில்தான் காரணம் தேடினார்கள். காதலாக இருக்குமோ என்று அம்மா இந்திராணி கவலைப்பட்டாள். அதற்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேண்டும், நம் பையனுக்கு அது பற்றாது என்று பக்கத்து வீட்டு அத்தை லோகாம்பாள் தள்ளுபடி செய்துவிட்டாள். மந்திரித்துக் கையில் கயிறு கட்டினார்கள். கயிறு நன்றாகத்தான் இருந்தது.

ஹேமாவதி பொன்னேரியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளர். மேற்கே நெல் விளையும் ஊர்க்காரி. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான். மனநலம் என்று வாசலில் ஆரம்பித்தால் பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்ட வந்தவள் என்று கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் பொதுவாகப் பேச்சுக் கொடு என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் சொன்னபடி கேட்கிற பெண். உங்கள் பையனைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஏரிக்கரையில் வேலைக்குப் போகாத பையனை யார் விசாரிக்க வருவார்கள்? போலீஸ் வரலாம். இவள் போலீஸ் இல்லை. வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில், தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். லோகாம்பாள் தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பொன்னேரியில் பெண் பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று இருப்பதாகவும், முன்போல மாமன் மச்சான் யாரும் வருவதில்லை, படித்த பெண்களை அனுப்பித்தான் விசாரிக்கிறார்கள் என்றும் இந்திராணியின் காதில் சொன்னாள். இந்திராணி பிளாஸ்டிக் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கலர் சோடா வாங்கிவர ஆள் போனது.

ஹேமாவதி கோப்பைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க பையன் ராத்திரியில நல்லா தூங்குறாராம்மா?"

"தூக்கமா? படுத்தான்னா கட்டைதான். காதாண்ட மேளம் அடிச்சாலும் ஏந்துக்க மாட்டான்."

சாப்பாடு எப்படி என்றாள். போட்டது போதவில்லை என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவான் என்றாள் இந்திராணி. கோபம்? அதை அவனுக்கு இனிமேல்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். குடி? டீயையே தண்ணீர் ஊற்றிக் குடிக்கிற பிள்ளை. முன்பு ஆசையாகச் செய்ததை இப்போது செய்யப் பிடிக்காமல் இருக்கிறாரா? அதெப்படிப் பிடிக்காமல் போகும், வலையைத் தொட்டால் போதும், பாட்டு வந்துவிடும் என்று லோகாம்பாள் சேர்த்துக்கொண்டாள்.

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் மனோஜ் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் சொல்கிற அந்த மனோஜ் நல்ல பையனாகத் தெரிந்தான். பார்த்தால் சிநேகம் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசிக் கேள்விக்கு ஹேமாவதி குரலைத் தாழ்த்தினாள்.

"எப்பவாவது, வாழவே பிடிக்கலைன்னு சொல்லியிருக்காரா?"

இந்திராணி லோகாம்பாளைப் பார்த்தாள். லோகாம்பாள்தான் முதலில் சமாளித்தாள். "அதெல்லாம் ஆயுசு கெட்டி. ஜாதகத்துலயே எண்பத்தி ரெண்டு போட்டுக்கீது. எடுத்தாரட்டுமா?"

வேண்டாம் என்றாள் ஹேமாவதி. ஜாதகம் பார்க்காத நாகரிகமான குடும்பம் என்று லோகாம்பாள் குறித்துக்கொண்டாள்.

மனோஜுக்கு அப்போதுதான் புரிந்தது. எந்தப் பெண் வீட்டாரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். போன வாரம் ஆல்வின் போன் செய்திருந்தான். காட்டுப்பள்ளியில் ஷிப்டு வேலை பார்க்கிற சிநேகிதன். ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன், மனசு சரியில்லாமல் போவதைப் பற்றி ஒருத்தர் பேசினார், அவர்களிடம் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன், யாராவது வந்தால் பேசுடா என்றான். மனோஜ் சரி என்றான். அந்த நாட்களில் அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னான், அது சுலபமாக இருந்தது. அவர்கள் அனுப்பிய ஆள் இவள்தான்.

அந்தக் கேள்வி ஒருத்தர் வாயிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. தப்பான ஆளிடம் போய் நின்றது, அதுதான் கஷ்டம். எழுந்து போய் இப்படிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு கையை ஊன்றினான். வெளியே அம்மா எதற்கோ சிரித்தாள். அவள் சிரித்தும் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவன் கையை எடுத்துவிட்டான்.

பையன் தூங்குகிறான் என்று ஹேமாவதியிடம் சொன்னார்கள். பகல் பதினோரு மணிக்கா என்று அவள் கேட்டிருக்கலாம். கலரைக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் அக்கம்பக்கத்திலும் விசாரிக்க வருவதாகச் சொல்லிப் போனாள். அது போதும் அவர்களுக்கு.

அவர்கள் ஊரான நடுமேட்டுக்குப்பத்தில் கல்யாண விசாரணைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், பெண் வீட்டார் ஒரு பையனைப் பற்றி விசாரித்தபோது, பக்கத்து வீட்டு அர்ஜுனன் உள்ளதைச் சொல்லிவிட்டார். பையன் குறட்டை விடுவான், எங்கள் வீடு வரைக்கும் கேட்கும் என்றார். சம்பந்தம் முறிந்தது. பஞ்சாயத்து கூடியது. ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர். அர்ஜுனனுக்கு ஒரு மாதம் பாடு கிடையாது என்று தீர்ப்பானது. கல்யாண விசாரணையில் ஊர்ப் பையனைக் குறைத்துப் பேசினால் யாருக்கும் அதுதான் கதி. அன்றிலிருந்து நடுமேட்டுக்குப்பத்துப் பையன்கள் எல்லோரும் தங்கம்.

ஐந்து நாள் வீடு வேறு வீடாக இருந்தது. இந்திராணி முன்சுவருக்கு வெள்ளையடித்தாள். மனோஜுக்கு ரோஸ் நிறத்தில் சட்டை வந்தது. பெண் என்ன படித்திருக்கிறதாம் என்று மூர்த்தி ஒரு தடவை கேட்டார். அவர் வாரத்துக்கு ஒரு கேள்வி கேட்கிற ஆள், இந்த வாரத்தை இதற்குச் செலவழித்தார். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, பெரிய குடும்பம் பீற்றிக்கொள்ளாது என்றாள் லோகாம்பாள். போட்டோ எடுக்க அவனைப் பழவேற்காட்டுக்கு இழுத்துப் போனார்கள். ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். ஏழு தடவை எடுத்தார். ஏழிலும் அவன் வேறு யாருடைய சாவுக்கோ வந்தவன் மாதிரி இருந்தான். கடைசியில், விடுங்கள், சிரிப்பைக் கம்ப்யூட்டரில் வைத்துக் கொடுக்கிறேன் என்றார்.

ஒரு சாயங்காலம் அவன் முயன்று பார்த்தான். "ம்மா, அவங்க பொண்ணு வூட்டு ஆளு இல்ல போலகீது."

இந்திராணி இறாலை ஆய்ந்துகொண்டே லோகாம்பாளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "வெக்கத்தப் பாரு அண்ணி."

அதற்குமேல் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைத் தன் கையால் அணைக்கவும் மனம் இல்லை. அந்தப் பச்சைக் கோப்பில் தான் கட்டையாகத் தூங்குவதாக எழுதியிருக்கிறது, அதை மூடி வைத்துவிட்டால் அப்புறம் யாரும் வரப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வந்தவளைப் போகவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தான். யோசித்ததில் முகத்துவாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஏரித் தண்ணீர் கடலில் போய் விழுகிற இடம். மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அங்கே தனியாகப் போய் நின்றிருந்தான். மீன் பிடிக்கப் போகவில்லை.

புதன்கிழமை ஹேமாவதி வந்தாள். அவள் ஒவ்வொரு வீடாகப் போவதற்குள் லோகாம்பாள் ஒரு வீடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். விவரமெல்லாம் திரைச்சீலை வழியாக மனோஜுக்கு வந்து சேர்ந்தது. டீக்கடை சந்தியாகு, காலையில் அவன் முகத்தில் விழித்தால் அன்றைக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்றாராம். ஐஸ் பெட்டி ஏற்றுகிற ஜமுனா, வேலைக்குப் பத்து ஆள் சமம் என்றாளாம். அர்ஜுனன் சூடுபட்டவர், அதனால் எல்லோரையும் தாண்டிவிட்டார். பையன் தூக்கத்திலும் சிரிப்பான், எங்கள் வீடு வரைக்கும் கேட்கும் என்றாராம்.

கடைசியாக ஹேமாவதி இந்த வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குழப்பமும் நிம்மதியுமாகத் தெரிந்தாள். அவள் பார்த்த முப்பது பையன்களில் இப்படி ஒருத்தனை அவள் பார்த்ததில்லை.

"பதினோரு பேர்கிட்ட பேசிட்டேம்மா. ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லலை. யாரோ தப்பா பேர் குடுத்திருக்காங்க. இனிமே நான் வரத் தேவையில்லை."

இந்திராணிக்கு முகம் தொங்கிப்போனது. "கொற இல்லன்னா ஏம்மா வேணாங்கறீங்க?"

"குறை இல்லாததாலதாம்மா."

"அப்ப கொற இருந்தா வருவீங்களா?"

"ஆமாம்மா. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

இப்படி ஒரு சம்பந்தத்தை நான் உலகத்தில் பார்த்ததில்லை என்று லோகாம்பாள் கூரையைப் பார்த்துச் சொன்னாள். இந்திராணி விடவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஹேமாவதியின் கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். மூடவிடவில்லை.

"பொண்ணு ரெண்டு வயசு பெரிசா இருந்தாலும் பரவால்லம்மா. நாங்க ஒண்ணியும் கேக்க மாட்டோம். கட்டின புடவையோட அனுப்பினா போதும்."

"எந்தப் பொண்ணு?" என்றாள் ஹேமாவதி.

மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் திரைச்சீலை விலகியது.

மனோஜ் குளித்து மூன்று நாள் ஆகியிருந்தது. லுங்கி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு உண்டான எந்த லட்சணமும் அவனிடம் இல்லை. பேச வாயைத் திறந்தான்.

"ம்மா, பொண்ணே கெடையாது. இவங்க என்னப் பாக்க வந்தவங்க." பிறகு ஹேமாவதியைப் பார்த்தான். "நான் தூங்கறதே இல்ல மேடம்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் சொன்னான்.

லோகாம்பாள் அழ ஆரம்பிப்பதற்கு வசதியாகத் தலைப்பை எடுத்தாள். இந்திராணி அழவில்லை. வெள்ளையடித்த சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா அப்டி சொன்ன?"

"பொண்ணு குடுக்க வந்தவங்ககிட்ட வேற இன்னாடா சொல்லுவாங்க? நீ பொரண்டு படுக்கறதெல்லாம் கேட்டுக்கினுதான் நானும் படுத்திருக்கேன்."

அவள் கோப்பின் மேல் இருந்த கையை எடுத்தாள். ஹேமாவதியைப் பார்த்து, அதில் நாங்கள் சொல்லி எழுதியதையெல்லாம் அடித்துவிடு, முதலிலிருந்து கேள் என்றாள். ஹேமாவதி தான் யார், எங்கிருந்து வருகிறேன் என்பதை இந்தத் தடவை முழுசாகச் சொன்னாள். மனநலம் என்ற வார்த்தையையும் சொன்னாள். யாரும் கதவைச் சாத்தவில்லை. கதவை அடைத்துக்கொண்டு ஏற்கெனவே நாலு பேர் நின்றார்கள்.

அர்ஜுனன் ஒரு காலை உள்ளே வைத்தார், ஒரு காலை வெளியே வைத்திருந்தார். இது கல்யாண விசாரணை இல்லை என்பது உறுதிதானா என்று கேட்டார். உறுதி என்றார்கள். என் வலைப்பாட்டை நிறுத்தமாட்டீர்களே என்று மறுபடியும் கேட்டார். நிறுத்தமாட்டோம் என்று லோகாம்பாளே பஞ்சாயத்து சார்பில் வாக்குக் கொடுத்தாள். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பையன் எப்போதாவது தண்ணீரில் இறங்கினால் வலையைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறான், மீன் வந்து பார்த்துவிட்டுப் போகிறது என்றார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறான், ஆறி ஆடை படிந்த பிறகு வைத்துவிட்டுப் போகிறான், தினமும் இரண்டு டம்ளர் என்றார் சந்தியாகு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புகிறான் என்றாள் ஜமுனா. மார்ச்சிலிருந்து செருப்பு போடுவதில்லை என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெட்டிக் கடைக்கு வந்து, எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பிப் போகிறான் என்றது இன்னொரு குரல். கொடுத்திருந்த புகழையெல்லாம் ஊர் கால் மணி நேரத்தில் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டது.

மனோஜ் தலையைக் குனிந்து நின்றான். இரண்டு மாதமாகத் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தான். டம்ளர் கணக்கு வரைக்கும் வைத்திருக்கிறார்கள்.

ஹேமாவதி பேனாவை மூடி வைத்தாள். எல்லோரும் நன்றாகச் சொன்னீர்கள், மிச்சத்தை அவரே சொல்லட்டும், நாங்கள் தனியாகப் பேச வேண்டும் என்றாள். பேசுங்கள், நாங்கள் காதில் போட்டுக்கொள்ளமாட்டோம் என்றாள் லோகாம்பாள். யாரும் நகரவில்லை. தனியாக என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கடைசியில் மனோஜே படகுத்துறைக்குக் கூட்டிப் போனான். அவர்களும் வந்தார்கள். ஹேமாவதி திரும்பிப் பார்த்த பார்வையில், முப்பது அடி தள்ளி நின்று, எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்குப் பக்கமாக ஏரியை வேடிக்கை பார்த்தார்கள், அன்றைக்குத்தான் தண்ணீரைப் புதிதாகக் கொண்டுவந்து நிரப்பியதுபோல.

சிமெண்டுப் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் கலங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தான். ஹேமாவதி முதலில் மன்னிப்புக் கேட்டாள். உங்களைப் பற்றி ஊரெல்லாம் கேட்டேன், உங்களைக் கேட்கவில்லை என்றாள். பிறகு அந்தக் கடைசிக் கேள்வியை, இந்தத் தடவை நேராக அவனிடமே கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"சாகணும்னு தோணியிருக்கா மனோஜ்?"

அவன் பதில் சொல்ல நேரமானது. அவள் அந்த நேரத்தை அவனுக்கே விட்டுவிட்டாள். படகு ஒன்று படியில் இடித்துக்கொண்டே இருந்தது.

"தோணுச்சு. முகத்துவாரத்துல ஒரு வாட்டி போயி நின்னேன்." கொஞ்சம் பொறுத்து, "திரும்பி வந்துட்டேன்" என்றான். அதில் தன்மேல் ஏதோ தப்பு இருப்பதுபோலச் சொன்னான்.

"வந்தது நல்லது" என்றாள். அவள் அதிரவில்லை. அறிவுரை சொல்லவில்லை. அம்மாவை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்கவில்லை. எத்தனை தடவை, எப்போது, இன்றைக்கு இருக்கிறதா என்றுதான் கேட்டாள். காலையில் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை என்றான். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவள் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி எளிதாகச் சொன்னாள். பொன்னேரியில் ஒரு டாக்டர் இருக்கிறார், நாளைக்கே போகலாம், நானும் உள்ளே வந்து உட்காருவேன். இது ஒரு நோய், மருந்து இருக்கிறது, கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை தனியாக இருக்கக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு வேண்டுமானாலும் என் போனுக்குக் கூப்பிடலாம். முகத்துவாரத்து விஷயம் மட்டும் வீட்டில் ஒருத்தருக்காவது தெரிய வேண்டும். யாரிடம் சொல்லலாம் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்.

மனோஜ் யோசித்தான். அம்மா அழுவாள். அத்தையிடம் சொன்னால் எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் போய்விடும்.

"நைனாவாண்ட" என்றான்.

அரை மணி நேரத்தில் மூர்த்தியின் படகு வந்தது. வரிசையாக நிற்கிற முதுகுகளைப் பார்த்தார். படியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணையும் பையனையும் பார்த்தார். பெண் வீட்டில் சரி என்றுவிட்டார்கள்போல என்று அவர் நினைத்திருக்க வேண்டும், சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மனோஜ் தண்ணீரில் இறங்கிப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். படகைக் கட்டிவிட்டு, அதிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். மடவை மீன் கூடையில் துடித்துக்கொண்டிருந்தது. மனோஜ் பேசினான். மூர்த்தி கேட்டார். நடுவில் ஒரு தடவை அவர் மகனின் முழங்காலைப் பிடித்தார், பிடித்த கையை எடுக்கவில்லை. மீன் துடிப்பு நின்றது. அதைக் கரையேற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹேமாவதி படியை விட்டு எழுந்திருக்காமல் காத்திருந்தாள். கோப்பைத் திறக்கவில்லை.

பிறகு மூர்த்தி படகிலிருந்து இறங்கி ஈரக் காலோடு படியேறி அவளிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. அந்த வாரத்தின் கேள்வி ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தும் இன்னொன்று கேட்டார்.

"காலைல பொன்னேரிக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கும்மா?"

அவள் ஸ்கூட்டரில் வருகிறவள், அவளுக்குத் தெரியவில்லை. முப்பது அடி தள்ளி நின்ற முதுகுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் பதில் சொன்னன. அஞ்சே முக்கால் என்றார் சந்தியாகு. ஆறு என்றாள் லோகாம்பாள். ஆறுக்கு வருவது அரசூர் வழி, அது சுற்று என்றார் அர்ஜுனன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அந்த மட்டில் வாக்கைக் காப்பாற்றினார்கள்.

"அஞ்சே முக்காலுதான் நைனா" என்றான் மனோஜ், படகிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டே. "நான் எப்டியும் முழிச்சினுதான் இருப்பேன். உன்ன எழுப்பறேன்."